ஆறடிப் படுக்கையும் ஒன்றரைச் சென்ட் தோட்டமும்

டோக்கியோ மாநகரின் உகுயிசுதானி இரயில் நிலையத்தில் இறங்கி, வடக்கு வாயிலால் வெளியேறிச் சில நிமிடங்கள் நடந்தால், நெகிஷி என்னும் பகுதியின் குறுகிய சந்துகளை அடையலாம். தங்கும் விடுதிகள் நெருங்கிய அச்சந்துகளுள் ஒன்றில், தாழ்ந்த கூரையுடைய மர வீடு ஒன்று இருக்கிறது. 'ஷிகி-அன்' என்பது அதன் பெயர். டோக்கியோவில் காணத்தக்கவை பல இருக்க, நாம் தேடிச் சென்றது ஒரு நோயாளியின் அறையை. காரணம் உண்டு. நாட்பட்ட நோயால் படுத்திருப்போருக்கு நற்கருணை கொண்டு செல்லும்போதெல்லாம், "மருந்து நேரத்துக்கு வருகிறது, சாமி, பொழுதுதான் போகமாட்டேன் என்கிறது" என்னும் குறையைக் கேட்டுப் பழகிய செவி நம்முடையது.

அவ்வீட்டில் வாழ்ந்தவர் மசாஒகா ஷிகி. ஜப்பானின் 'ஹைக்கூ' கவிதைக்குப் புத்துயிர் ஊட்டியவர். 1867இல் மட்சுயாமா நகரில் பிறந்த இவர், இளமையில் பேஸ்பால் ஆட்டத்தில் பெரும் பித்துக் கொண்டவர்; கால்நடையாகவே நெடும்பயணங்கள் செய்தவர். 1888இல் முதன்முதலாக இரத்தம் கக்கினார். பின்னர் காசநோய் முதுகெலும்பையும் பற்றியது. எழுந்து நடத்தல் அரிதாயிற்று. இறுதி ஆண்டுகளில் புரண்டு படுப்பதும் பெருந்துன்பமாயிற்று. ஓடியாடித் திரிந்த ஒருவரிடம் ஆறடிப் படுக்கையை நீட்டி, 'இனி இதுவே உன் உலகம்' என்றால் அவர் என் செய்வார்?

அறையினுள் நுழைந்ததும் நம் கண்ணில் பட்டவை தோட்டத்தை நோக்கிய கண்ணாடிக் கதவுகள். முன்னர் அங்கிருந்தவை காகிதம் ஒட்டிய கதவுகள். குளிர்காலத்தில் அவற்றை மூடினால் வெளியே ஒன்றும் தெரியாது. திறந்தாலோ நோயாளிக்குக் குளிர் தாங்காது. 1899ஆம் ஆண்டின் இறுதியில், சீடரும் நண்பருமான தக்கஹமா க்யோஷி, அந்நாளில் விலை மிகுந்திருந்த கண்ணாடியை அக்கதவுகளில் பொருத்துவித்தார். வெயிலும் தோட்டமும் ஒருங்கே படுக்கையருகே வந்து சேர்ந்தன. நோயாளிக்குப் பழமும் ரொட்டியும் வாங்கிச் செல்லும் நாம், அவர் படுத்தபடியே எதைக் காண்கிறார் என்று ஒருமுறையேனும் அவர் தலையணைப் பக்கம் குனிந்து பார்த்திருக்கிறோமா?

தோட்டம் பெரிதன்று. இருபது 'த்சுபோ' என்று அவரே குறித்திருக்கிறார். நம்மூர்க் கணக்கில் ஏறக்குறைய ஒன்றரைச் சென்ட். அதில் பூத்தவை, காய்த்தவை, வந்தமர்ந்தவை யாவும் அவர் பார்வைக்கு விருந்தாயின. அறையில் ஒரு சிறு மேசையும் காட்டினார்கள். நீட்ட இயலாத இடக்கால் முழங்காலுக்கு இடம் விட்டு, அதன் பலகையின் ஒரு பகுதி வெட்டப்பட்டிருந்தது. உடலை மேசைக்கு ஏற்ப வளைக்க இயலாதபோது, மேசையை உடலுக்கு ஏற்ப வெட்டிவிட்டார்கள்! நாம் அம்மேசையின் அருகே நெடுநேரம் நின்றோம்.

ஓவியரான நகமுரா ஃபுசெட்சு, தாம் பயன்படுத்தியது போக எஞ்சிய வண்ணங்களை அவருக்குத் தந்தார். ஷிகி ஓவியம் பயின்றவரல்லர். கவிதை அவருக்குத் தொழில். அதில் விவாதமுண்டு, போட்டியுண்டு, பெயர் காக்கும் கவலையுமுண்டு. படம் எழுதுவதோ வெறும் மகிழ்ச்சி. 1902ஆம் ஆண்டுக் கோடையில் பழங்களை ஒரு தொகுப்பாகவும் மலர்களை மற்றொரு தொகுப்பாகவும் எழுதினார். வலி தணிக்கும் மார்ஃபின் மருந்தை உண்டபின் கிட்டும் இடைவெளியே அதற்குரிய நேரம். ஒரு கிளை, ஒரு கனி, ஒரு தாள் என்று அளவும் சிறிது. அவ்விடைவெளியில் படம் எழுதுவதைவிட மேலான இன்பம் தமக்கில்லை என்பது அவர் விட்டுச் சென்ற குறிப்பு.

இதனால் அவர் வேதனை நீங்கியது என்று எவரும் எண்ணிவிடலாகாது. 1901ஆம் ஆண்டு அக்டோபரில், உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் தம்மை வருத்தியதை அவரே ஒளிக்காது எழுதி வைத்திருக்கிறார். அவர் அழுததும் கூச்சலிட்டதும் உண்டு. பணிவிடை செய்த தங்கை ரிட்சுவைக் கடுமையாகக் குறைகூறி எழுதியதும் உண்டு. அக்குறிப்புகளைப் படிக்கையில் நமக்கு ரிட்சுவின்மேலேயே இரக்கம் மிகுகிறது. நாள்தோறும் புண்களைக் கழுவிக் கட்டு மாற்றியவள் அவள்தான். தமையன் இறந்தபின் அவள் பள்ளியில் சேர்ந்து பயின்று, ஆசிரியையானாள் என்று அறிந்தபோது நம் நெஞ்சு சற்றே ஆறியது.

படுக்கையிலிருந்தபடியே 1902 மே மாதம் முதல் 'நிப்பொன்' நாளிதழுக்குச் சிறு சிறு கட்டுரைகள் எழுதி வந்தார். 'ஆறடி நோய்ப்படுக்கை' என்பது அத்தொடரின் பெயர். சில நாள்களில் ஓரிரு வரிகளே. ஆயினும் 127 பகுதிகள் வெளிவந்தன. இறுதிப் பகுதி வெளியானது செப்டம்பர் 17ஆம் நாள். 19ஆம் நாள் அதிகாலை அவர் உயிர் பிரிந்தது; வயது 34.

அவ்வீடு 1945ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் எரிந்துபோயிற்று. நாம் கண்டது 1950இல் மீண்டும் எழுப்பப்பட்டது. தோட்டத்துப் பந்தலில், அவர் காலத்திற்போலவே பீர்க்கங்கொடி படர்ந்திருந்தது. முற்றிய காயின் நாரை நாம் உடம்பு தேய்த்துக் குளிக்க எடுத்துக்கொள்வோமே, அவ்வினம். அதன் தண்டை அறுத்து வடிக்கும் நீர் சளிக்கு மருந்தாகும் என்பது அந்நாட்டார் வழக்கம். இறப்பதற்கு முந்திய நாள், ரிட்சு பலகையைப் பிடித்துக்கொள்ள, அவர் தூரிகையால் எழுதிய கடைசி மூன்று கவிதைகளும் அப்பீர்க்கைப் பற்றியவையே. அவர் நினைவு நாளையும் ஜப்பானியர் பீர்க்கின் பெயராலேயே வழங்குகின்றனர். நாம் சென்ற அன்று கொடியில் நான்கு காய்கள் தொங்கின. படுக்கை இருந்த இடத்தில் தரையோடு தரையாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தால், நான்கும் கண்ணாடி வழியே தெரிந்தன.