முதுமைக்கு இளமையே முதல்

மும்பையின் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழர்களுள் பலர் அலுவலகங்களிலும் ஆலைகளிலும் மாதச் சம்பளம் பெறுவோர். வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தின்படி, அத்தகையோரின் சம்பளத்தில் ஒரு பகுதி கைக்கு வருமுன்னரே பிடிக்கப்படுகிறது. நிறுவனமும் தன் பங்கைச் செலுத்துகிறது. ஓய்வு பெறும் நாளில் அத்தொகை ஊன்றுகோலாகிறது.

தாராவியின் நிலை வேறு. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோரின் வழித்தோன்றல்கள் அங்குத் தலைமுறைகளாக வாழ்கின்றனர். தோல் பை செய்வோர், துணி தைப்போர், இட்லி அவித்து விற்போர் எனப் பலரும் சிறு பட்டறைகளிலோ தம் வீடுகளிலோ உழைக்கின்றனர். 20 பேருக்கும் குறைவானோர் பணிபுரியும் பட்டறைகளை அச்சட்டம் பொதுவாகக் கட்டுப்படுத்துவதில்லை. கண் மங்கி, ஊசியில் நூல் கோக்க இயலாத வயதில் உழைப்பு நிற்கும். அன்றே வருவாயும் நிற்கும். சீட்டுக் கட்டிச் சேர்த்த பணமோ திருமணத்திற்கும் மருத்துவத்திற்கும் முன்னரே செலவாகியிருக்கும்.

இத்தகைய உழைப்பாளரைக் கருதி 2015ஆம் ஆண்டு மே மாதம் நடுவண் அரசு அடல் ஓய்வூதியத் திட்டத்தைத் தொடங்கியது. 18 வயது முதல் 40 வயது வரை உள்ளோர், வருமான வரி செலுத்தாதவராயின், வங்கியிலோ அஞ்சலகத்திலோ இதில் சேரலாம். 60 வயதுக்குப் பின் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை, தேர்ந்தெடுத்த தொகை வாழ்நாள் முழுதும் கிடைக்கும். அவருக்குப்பின் வாழ்க்கைத் துணைக்கும் அது தொடரும்.

மாதம் 5,000 ரூபாய் ஓய்வூதியம் விரும்பும் இருவரை எண்ணிப் பார்க்கலாம். 18 வயதில் சேர்பவர் மாதம் 210 ரூபாய் செலுத்துகிறார். 42 ஆண்டுகளில் அது 1,05,840 ரூபாய் ஆகும். 40 வயதில் சேர்பவர் மாதம் 1,454 ரூபாய் செலுத்துகிறார். 20 ஆண்டுகளில் அது 3,48,960 ரூபாய் ஆகும். பெறும் ஓய்வூதியமோ ஒன்றே. தாமதித்தவர் மும்மடங்குக்கும் மேல் செலுத்துகிறார். முன்னவரின் பணத்திற்கு வட்டியும், அவ்வட்டிக்கு மேலும் வட்டியும் சேர நீண்ட காலம் கிடைத்ததே இவ்வேறுபாட்டிற்குக் காரணம்.

இதில் ஒரு குறையும் உண்டு. விலைவாசி ஏற ஏற, இன்றைய 5,000 ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள்கள் 42 ஆண்டுகளுக்குப்பின் அதே தொகைக்குக் கிடையா. ஆதலால் வருவாய் உயரும்போது வேறு வகைச் சேமிப்பையும் உடன் வளர்த்தல் வேண்டும்.

40 வயதைக் கடந்த பெற்றோருக்கு இத்திட்டத்தின் கதவு மூடிவிட்டது. பள்ளிப் படிப்பை முடித்து முதல் ஊதியம் பெறும் அவர்தம் மகனுக்கும் மகளுக்கும் அது அகலத் திறந்திருக்கிறது. மாதம் 210 ரூபாய் என்பது நாளொன்றுக்கு 7 ரூபாய். மும்பைத் தெருவில் ஒரு வடா பாவின் விலையினும் குறைவு. பணம் குறைவாக இருக்கும் இளமையில்தான் காலம் மிகுதியாக இருக்கிறது.

சொல்லும் பொருளும்
ஊன்றுகோல் – தாங்கும் துணை
வழித்தோன்றல் – பின்வந்த தலைமுறையினர்
முதல் – தொடக்கம், மூலதனம்

வினாக்கள்
1. ஒரே ஓய்வூதியம் பெறும் இருவர் செலுத்தும் தொகை வேறுபடுவது ஏன்?
2. தலைப்பிலுள்ள ‘முதல்’ என்னும் சொல் இரு பொருளிலும் எவ்வாறு பொருந்துகிறது?