வெளிச்சத்தில் நீட்டிய நாக்கு

கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டையிலிருந்து ஆண்டர்சன்பேட்டை போகும் வழியில், பழைய லைன் வீடு ஒன்றின் முன்னறைதான் அந்தச் சித்த மருத்துவரின் வைத்தியசாலை. அறைக்குள் விளக்கு இருக்கிறது. ஆனாலும் நோயாளி உட்காரும் ஸ்டூலை வாசலுக்கு நேரே, வெயில் படாமல் வெளிச்சம் மட்டும் விழும் இடத்தில் போட்டிருக்கிறார். குண்டு பல்பு வெளிச்சத்தில் நாக்கின் மஞ்சள் பிடிபடாது என்கிறார். மேகம் மூடிய நாளில் ஸ்டூல் திண்ணைக்கே வந்துவிடும்.

காலையில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூரு வண்டிகள் கிளம்பிப் போன பிறகு கூட்டம் சேர்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் போய்விட்டால் ஊரில் மிஞ்சுகிறவர்கள் வயதானவர்கள்தான். சுரங்கத்தில் இறங்கி ஏறியவர்கள், அல்லது அவர்களுடைய மனைவிமார். வாசலில் உதவிக்கு இருக்கும் அக்கா ஒவ்வொருவரையும் விசாரித்துத்தான் உள்ளே விடுகிறார். "காபி குடிச்சியா? வெத்தல போட்டியா? பீடி?" ஆமாம் என்றால் ஒரு செம்புத் தண்ணீரைக் கொடுத்து வாய் கொப்பளிக்கச் சொல்லி, அரைமணி நேரம் திண்ணையில் உட்காரவைக்கிறார். வெற்றிலைச் சிவப்பு பித்தச் சிவப்பாகத் தெரிந்துவிடும். காபிக் கறை வேறு நோயாகத் தெரிந்துவிடும். இந்தத் தொழிலில் முதல் காவல் இந்த அக்காதான் என்று எனக்குப் பட்டது.

சித்த மருத்துவத்தில் நோயறியும் முறை எட்டு: நாடி, தொடுஉணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். நாடி பிடிப்பதற்கு இருக்கும் பேரும் புகழும் நாவுக்கு இல்லை. ஆனால் மற்றவர் பார்த்துச் சரிபார்க்கக் கூடியது நாக்குதான். வாதம் மிகுந்தால் நாக்கு கறுத்து வெடித்து முள் முள்ளாகச் சொரசொரக்கும். பித்தத்தில் மஞ்சளோ சிவப்போ ஏறும், வாய் கசக்கும். கபத்தில் வெளுத்துத் தடித்துப் பிசுபிசுக்கும். பாடம் இவ்வளவுதான். தொழில் அதற்கப்புறம் தொடங்குகிறது.

மருத்துவர் இந்த ஊர்ப் பெண். தாத்தா சுரங்கத்தில் துளைபோடும் வேலை பார்த்தவர். தமிழ்நாட்டில் சித்த மருத்துவம் படித்துவிட்டு ஊருக்கே திரும்பியவர். "நாக்க நீட்டுங்கண்ணே. இறுக்காதீங்க, தளர விடுங்க" என்கிறார். ஒரு பார்வை, உடனே உள்ளே இழுக்கச் சொல்கிறார், கொஞ்சம் பொறுத்து மறுபடி ஒரு பார்வை. நீட்டிப் பிடித்துக்கொண்டே இருந்தால் இறுக்கத்தில் ரத்தம் கட்டி நிறம் மாறிவிடுமாம். முதலில் நிறம், பிறகு ஈரம், பிறகு மேலே படிந்திருக்கும் மாவு, பிறகு ஓரம். ஓரத்தைக் காட்டி என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். ஓர் அம்மாவின் நாக்கு தடித்து, பல் வரிசை அப்படியே இரண்டு ஓரத்திலும் பதிந்திருந்தது. அடிநாக்கைத் தூக்கச் சொல்லி அங்கே ஓடும் ரத்தநாளங்களையும் பார்த்தார்.

சீன மருத்துவர்களும் இதே பல் தடத்தைத் தேடுகிறார்கள். மண்ணீரல் வலு குறைந்ததன் அடையாளம் என்பது அவர்கள் கணக்கு. நாக்குப் பரிசோதனையை அவர்கள் அளவுக்கு வளர்த்தவர்கள் இல்லை. 1341-லேயே 36 நாக்குப் படங்களோடு ஒரு நூல் அங்கே வந்துவிட்டது. நுனி இதயத்துக்கும் நுரையீரலுக்கும், நடு வயிற்றுக்கு, ஓரம் கல்லீரலுக்கு, வேர்ப்பக்கம் சிறுநீரகத்துக்கு என்று நாக்கையே வரைபடமாக்கி வைத்திருக்கிறார்கள். இந்த வரைபடத்தை நான் நம்பவில்லை. ஒரே நாக்கைப் பல சீன மருத்துவர்களிடம் காட்டிச் சோதித்த ஆய்வுகளில் அவர்கள் முடிவுகள் அதிகம் ஒத்துப்போகவில்லை. ஆனால் நிறமும் ஈரமும் வீக்கமும் கண்ணெதிரே இருப்பவை. சோகை பிடித்த நாக்கு வெளுக்கும். பி12 சத்துக் குறைந்தால் மேலே உள்ள மொட்டுகள் தேய்ந்து வழுவழுவென்று சிவக்கும். ஆங்கில மருத்துவரும் நாக்கை நீட்டத்தான் சொல்கிறார்.

அன்று வந்தவர்களில் ஒரு பெரியவர் சாம்பியன் ரீஃப்பில் வேலை பார்த்தவர். பூமிக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. இங்கே தங்கம் வெண்கல் பாறைக்குள் ஓடியது. அந்த வெண்கல்தான் சிலிக்கா. துளைபோட்டு வெடிவைத்தால் எழும் தூசில் கண்ணுக்குத் தெரியாத துகள் நுரையீரலின் அடிவரை போய் அங்கேயே தங்கித் தழும்பாகிறது. இந்தியாவில் சிலிக்கோசிஸ் முதலில் பதிவானது இந்தத் தங்கவயலில்தான், 1947-ல். சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-ல் மூடினார்கள். தூசுக்குள் போவது நின்றது. நெஞ்சுக்குள் போன தூசு நிற்கவில்லை. வேலையை விட்டுப் பல வருடம் கழித்தும் இந்த நோய் முற்றும், குணமாக்கும் மருந்து எந்த மருத்துவத்திலும் இல்லை.

பெரியவரின் நாக்கில் நடுவே வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. இருமல், சளி, வெள்ளை நாக்கு: பாடப்படி பார்த்தால் கபம். தூதுவளையும் திப்பிலியும் கொடுத்து அனுப்பலாம். மருத்துவர் பஞ்சு சுற்றிய குச்சியால் மெல்ல வழித்தார். வெள்ளை பெயர்ந்து வந்தது, அடியில் சிவந்த புண்.

"பெரியப்பா, பஃப் இழுக்கிறீங்களா?"

"ஆமாம்மா. பெங்களூர்ல குடுத்தாங்க. ரெண்டு வேளை."

"இழுத்ததும் வாய் கொப்பளிக்கிறீங்களா?"

"அப்படி யாரும் சொல்லலியே."

கபமில்லை, பூஞ்சை. இழுக்கும் மருந்தில் உள்ள ஸ்டீராய்டு வாயில் தங்கினால் வரக்கூடியது. வழித்தால் வராத வெள்ளையாக இருந்திருந்தால் கதை வேறு என்றார் என்னிடம். வெற்றிலை புகையிலைக்காரர்களிடம் அது புற்றுநோய்க்கு முந்தைய படியாக இருக்கலாம், அன்றைக்கே அனுப்பிவிட வேண்டும். கபம் என்று எழுதுவதற்கு முன்னால் ஒரு குச்சியை எடுக்கத் தோன்றுகிறதே, அந்தக் கை எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

மருத்துவர் இன்னும் நாக்கை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரம் லேசாக நீலம் பாய்ந்திருந்தது. அவர் காட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மார்கழிக் காலையில் இந்த ஊரில் குளிரிலேயே யாருடைய விரலும் நீலமாகும். நாக்கு வாயின் கதகதப்புக்குள் இருப்பது. அது நீலமானால் ரத்தத்தில் பிராணவாயு குறைந்துவிட்டது என்று பொருள். மேஜை டிராயரிலிருந்து ஆக்சிமீட்டரை எடுத்துப் பெரியவர் விரலில் மாட்டினார். எண் 90-க்குக் கீழே நின்றது.

தங்கவயலுக்குச் சித்த மருத்துவம் புதிதல்ல. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். அவருடைய பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்பிலும் தொழிலாளர்களிடையே வேரூன்றியது. அவர் நடத்திய 'தமிழன்' இதழை அவர் மறைவுக்குப் பின் 1926 முதல் இங்கிருந்துதான் ஜி. அப்பாதுரையார் நடத்தினார். தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு இன்று பண்டிதரின் பெயர். உடம்பையும் மானத்தையும் சேர்த்தே பார்த்த அந்த மரபில்தான் இந்த மருத்துவரை நான் வைக்கிறேன். சுரங்கம் மூடிய பிறகு சுரங்கக் கம்பெனியின் மருத்துவமனை இருபது வருடம் பூட்டிக் கிடந்தது. 2021 கொரோனாவின்போது தன்னார்வலர்கள் கூட்டிப் பெருக்கித் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ பேர் நெஞ்சுநோயோடு போய்விட்டார்கள். சிலிக்கோசிஸ் சட்டப்படி அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய், நஷ்ட ஈட்டுக்கும் உரியது. எக்ஸ்ரேயில் பார்க்க டி.பி. போலவே இருக்கும், டி.பி. சேர்ந்தே வருவதும் உண்டு. அதனால் டி.பி. என்று எழுதி மூடிவிடுவது சுலபம். அப்படி எழுதிவிட்டால் சுரங்கத்துக்கும் நோய்க்கும் இருக்கும் தொடர்பு காகிதத்தில் அறுந்துபோகிறது. இதைச் சொல்லும்போது மருத்துவரின் குரல் உயர்ந்தது. எனக்கும் ஆத்திரம்தான்.

வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பெங்களூரு நெஞ்சுநோய் மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதினார். பெரியவரின் மகனை அருகே கூப்பிட்டார்.

"தம்பி, நாளைக்குன்னு வைக்காதே. இன்னிக்கே கூட்டிட்டுப் போ. பழைய எக்ஸ்ரே, அப்பாவோட சர்வீஸ் சர்டிபிகேட், இழுக்கிற மருந்து, மூணும் பையில இருக்கணும். ஓ.பி.ல உட்கார்ந்ததும் மைன்ஸ்ல வேலை பார்த்தவருன்னு முதல்ல சொல்லு, சீட்டுல எழுதச் சொல்லு. டி.பி. மாத்திரை குடுத்தா, சளி டெஸ்ட் ரிசல்ட்டைக் கேட்டு வாங்கிட்டு வா."