உப்பு மட்டும் போகாது

ஒயின் ஆலைக் கழிவுநீரின் புளித்த வாடைக்கு மூக்கைப் பொத்துகிறவர்களிடம் சொல்வேன்: நாறுவதெல்லாம் சுலபமாகப் போய்விடும். சர்க்கரை, சாராயம், பழ அமிலம், ஈஸ்ட் மண்டி எல்லாமே பாக்டீரியாவுக்குத் தீனிதான். வீட்டுச் சாக்கடையில் பி.ஓ.டி. (இந்தத் தீனியைச் செரிக்க பாக்டீரியா கேட்கும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் என்றால் இதில் சில ஆயிரம். மொலாசஸில் எரிசாராயம் வடிக்கும் ஆலையின் ஸ்பென்ட் வாஷ் கழிவில் 40,000-ஐத் தாண்டும். அதைப் பார்த்தவனுக்கு ஒயின் தண்ணீர் சாது.

எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் மது ஆலை என்றால் கல்லாக்கோட்டை. திராட்சை ஒயினுக்குக் கம்பம் பள்ளத்தாக்கு, நாசிக் என்று போக வேண்டும். நாசிக்கில் ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. அப்போது சுத்திகரிப்புத் தொட்டிக்குக் கல்யாண விருந்து, பிறகு மாதக்கணக்கில் பட்டினி. கம்பத்தில் ஆண்டுக்குப் பல அறுவடை என்பதால் அந்தத் தொல்லை குறைவு.

இந்தத் தண்ணீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் பற்றாது. பி.ஓ.டி. 100-க்கு நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 என்ற கணக்கில் யூரியாவும் டி.ஏ.பி.யும் போடுவோம். குறைத்தால் இழைப் பாக்டீரியா பெருகி, சேறு பஞ்சாக மிதக்கும். ஒரு லிட்டர் ஜாடியில் பிடித்து அரை மணி நேரம் வைத்தாலே தெரிந்துவிடும்.

உண்மையான வில்லன் ஒயின் தொட்டி கழுவும் காஸ்டிக் சோடா. அதன் சோடியத்தைத் தின்ன எந்த நுண்ணுயிரும் இல்லை. காற்றடித்தாலும் போகாது, படியவைத்தாலும் போகாது. ஆர்.ஓ. போட்டால் ரிஜெக்டில் சேர்ந்து நிற்கும். பாசனத்துக்கு பி.ஓ.டி. 100-க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. எல்லார் கண்ணும் அந்த எண்ணில்தான். சோடியம் ஏறினால் களித்துகள் பிரிந்து மேல்மண் ஓடு கட்டும். ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் எங்கள் செம்மண்ணில் அப்புறம் மழையே இறங்காது.

அதனால் நான் முதலில் போய்ப் பேசுவது தொட்டி கழுவுகிறவரிடம். காஸ்டிக் கரைசலைச் சாக்கடையில் விடாமல் பிடித்து வைத்து மறுபடி பயன்படுத்துங்கள் அண்ணே என்பேன். முடிந்த இடத்தில் பொட்டாஷ் காரம்; பயிருக்குச் சாம்பல் சத்தாகும், அளவோடு இருந்தால். புளிப்பை முறிக்க சோடாவுக்குப் பதில் சுண்ணாம்பு. சேறு கூடும், ஆனால் கால்சியம் மண்ணுக்கு நல்லது. தேறிய தண்ணீரைத் தைலமரத்துக்கும் சவுக்குக்கும் பாய்ச்சலாம். கீரைப் பாத்திக்கு விட மாட்டேன். ஊருணிப் பக்கம் போகவே கூடாது.

பொட்டாஷ் விலை கூடுதல் என்று கணக்குப்பிள்ளை முறைப்பார். கெட்ட நிலத்தைத் திருத்த ஏக்கருக்கு எத்தனை மூட்டை ஜிப்சம் ஆகும், அதையும் சேர்த்துப் போடுங்கள் என்று அவர் பக்கமே கணக்கைத் தள்ளிவிடுவேன்.