கட்டியகாரன் கையில் மைக்

"குட் மோர்னிங்!" என்றார் அண்ணன். கன்டீனில் இருந்த அவ்வளவு பேரும் ஏதோ முணுமுணுத்தார்கள். "ஒருத்தரும் காலையில சாப்பிடல்லயா? இன்னொருக்காச் சொல்லுவம்... குட் மோர்னிங்!" இந்த முறை கொஞ்சம் சத்தம் வந்தது. மூன்றாம் தடவை தகரக்கூரை அதிர்ந்தது. அண்ணன் வலது காலை முன்னால் வைத்து, அரை வட்டம் சுழன்று, ஒரு கையை விரித்துக்கொண்டு நின்றார். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற நாங்கள் இரண்டு பேரும் ஆளையாள் பார்த்துக்கொண்டோம். அது வரவு. வடமோடியில் அருச்சுனன் களரிக்குள் வருகிற அதே வரவு. சதங்கைக்குப் பதிலாகப் பளபளக்கிற சப்பாத்து, கழுத்தில் கொலர் மைக், அவ்வளவுதான் வித்தியாசம்.

அது ஓர் ஆடைத் தொழிற்சாலை. பெயர் வேண்டாம். சனிக்கிழமை காலையில் இரண்டு மணித்தியாலம் மெஷின்களை நிறுத்திவிட்டு, தைக்கிற பிள்ளைகளைக் கன்டீனில் இருத்தி, "நேர்மனப்பாங்கும் வெற்றியும்" என்று பேனர் கட்டியிருந்தார்கள். வளவாளர்: அண்ணன். வளவாளருக்கு உதவியாளர்கள்: நாங்கள். ஸ்பீக்கர் தூக்குவது, விளையாட்டுக்கு ஆட்களைக் குழு பிரிப்பது, தேவையான இடத்தில் கைதட்டலைத் தொடக்கிவைப்பது எங்கட வேலை.

அண்ணன் எங்களுக்குச் சொந்த அண்ணன் இல்லை. ஊர்க் கூத்தில் எங்களுக்கு முதல் ஆட்டம் பழகியவர். மட்டக்களப்புப் பக்கம் கூத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒருநாள் வேலை இல்லை. சட்டம் கொடுக்க வேணும், ஆட்டம் பழக வேணும், சதங்கை அணிய வேணும், கிழமைக் கூத்து ஆட வேணும், அடுக்குப் பார்க்க வேணும், அதுக்குப் பிறகுதான் அரங்கேற்றம். மாதக்கணக்கில் பின்னேரங்கள் போகும். கடைசியில் ஓர் இரவு, விடிய விடிய. கிடைப்பது ஒரு சால்வை, கோழிக்கறியோடு சோறு, அடுத்த நாள் கடையடியில் "ராத்திரி நல்லா ஆடினாய் மனே" என்கிற ஒரு வாய்ச்சொல். அந்த வாய்ச்சொல்லுக்காக நாங்களும் ஆடியிருக்கிறோம், அதனால் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதை வைத்து மருந்துக்கடையில் ஒன்றும் வாங்கேலாது.

நாடகமும் அரங்கியலும் படித்துப் பட்டம் எடுத்தார். பிறகு எல்லாரையும்போல வேலையில்லாப் பட்டதாரி. கொஞ்சக் காலம் என்.ஜி.ஓ. வேலைகள் வந்தன. டெங்கு நாடகம், இளவயதுத் திருமண நாடகம், குடி நாடகம். அதில்தான் நாங்களும் சேர்ந்தோம். புரொஜெக்ட் முடிந்தால் நாடகமும் முடிந்துவிடும். 2020 இல் ஊரடங்கு வந்து கோயில் சடங்குகள் நின்றதோடு கூத்தும் நின்றது. 2022 இல் பெற்றோலும் இல்லை, பொருட்களின் விலையும் ஏறிப்போனது. அந்த வருசம் ஒரு வங்கிக் கிளையின் ஒன்றுகூடலுக்கு அறிவிப்பாளராகப் போன அண்ணன், இடையில் நேரத்தை நிரப்ப ஒரு விளையாட்டுச் செய்து காட்டியிருக்கிறார். முடிய மனேஜர் வந்து கேட்டிருக்கிறார், "தம்பி, இதையே எங்கட ஸ்டாஃபுக்கு ஒரு செயலமர்வாச் செய்யேலுமா?" இரண்டு மணித்தியாலத்துக்குப் பதினைந்தாயிரம். இப்படித்தான் அண்ணன் ஊக்குவிப்புப் பேச்சாளர் ஆனார். முடிவெடுத்து ஆகவில்லை, ஒரு மனேஜருக்கு ஓம் சொல்லி ஆனார்.

நாங்கள் முதலில் சிரித்தோம். அண்ணன் எங்களை மடக்கினார். "கூத்து களரியை விட்டு வெளிய வாறது இதான் முதல் தடவையா? அறுபதுகளில வித்தியானந்தன் சேர் பேராதனையில என்ன செய்தவர்?" அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 இல் 'கர்ணன் போர்', 1964 இல் 'இராவணேசன்' என்று விடிய விடிய ஆடுகிற ஆட்டத்தைச் சுருக்கிப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார். வட்டக்களரி போய், ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடை வந்தது. கூத்து சாகவில்லை. அப்படியென்றால் கன்டீனுக்கு ஏன் வரக்கூடாது?

ஊர் அண்ணாவியாரிடம் இதைச் சொன்னோம். அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு கேட்டார்: "வரட்டும் மனே. அவன் அங்க என்ன வேசம் கட்டுறான்?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை. அவரே சொன்னார், "கட்டியகாரன்." கூத்தில் முதல் வருகிறவன் கட்டியகாரன்தான். சனத்தின் சத்தத்தை அடக்கி, ராசாவின் புகழைப் பாடி, ராசா வாறார் என்று அறிவித்துப்போட்டுப் போகிறவன். கதையில் அவனுக்குப் பங்கு இல்லை.

இந்தக் கதையை அண்ணனிடம் நாங்கள் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

இந்தத் தொழிலின் பூர்வீகத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கியது அதுக்குப் பிறகுதான். எல்லாத் தன்முன்னேற்றப் பேச்சாளர்களும் டேல் கார்னகியின் பெயரைச் சொல்வார்கள். அந்த ஆள் நடிகராக வந்தவர் என்பதை ஒருவரும் சொல்வதில்லை. 1888 இல் மிசூரியில் ஓர் ஏழைக் கமக்காரர் வீட்டில் பிறந்தவர். ஓர் இறைச்சிக் கம்பனிக்காகப் பன்றி இறைச்சி, சவர்க்காரம், கொழுப்பு என்று ஊர் ஊராக விற்றார். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, நியூயோர்க்கில் அமெரிக்கன் அக்கடமி ஒஃப் டிரமட்டிக் ஆர்ட்ஸில் நடிப்புப் படித்தார். 'பொலி ஒஃப் த சேர்க்கஸ்' என்ற நாடகத்தோடு ஊர் சுற்றினார். நடிப்பு சோறு போடவில்லை. 1912 இல் 125 ஆம் வீதி வை.எம்.சி.ஏ.யில் பேச்சுக்கலை வகுப்பு எடுக்கக் கேட்டார். ஓர் இரவுக்கு 2 டொலர் சம்பளம்கூடத் தர அவர்கள் தயங்கி, வருமானத்தில் ஒரு பங்கு தருவதாகச் சொன்னார்கள்.

எங்களைப் பிடித்தது அவருடைய ஆரம்ப வகுப்புகளைப் பற்றிச் சொல்லப்படுகிற ஒரு கதை. கொண்டுவந்த பாடம் பாதியில் முடிந்துபோய்விட்டதாம். என்ன செய்வதென்று தெரியாமல், வந்தவர்களை ஒவ்வொருவராக எழும்பிக் கோபம் வந்த ஒரு விசயத்தைப் பற்றிப் பேசச் சொன்னாராம். பகல் முழுக்க வேலை செய்துவிட்டு வந்தவர்கள், சபையைக் கண்டால் நடுங்குகிறவர்கள், கோபத்தைப் பற்றிப் பேசும்போது பயத்தை மறந்துபோனார்கள். அவருடைய முறை முழுக்க அங்கிருந்துதான் வளர்ந்தது. ஆனால் 1936 இல் வந்து கோடிக்கணக்கில் விற்ற அவருடைய புத்தகத்தைத் திறந்தால், குறை சொல்லாதே, வாதாடாதே, புன்னகை செய். கோபத்தில் தொடங்கினவர் 24 வருசத்தில் புன்னகைக்கு வந்து சேர்ந்திருக்கிறார். இடையில் வகுப்புக்குக் காசு கட்டுகிற ஆள் மாறியிருக்க வேணும் என்பது எங்கட ஊகம். சொந்தக் காசில் வருகிறவர் கோபப்படலாம். கம்பனிக் காசில் வந்து இருக்கிறவர் புன்னகைக்கத்தான் வேணும்.

புன்னகையைப் பற்றி இன்னொன்று. 1983 இல் ஆர்லி ஹொக்ஷைல்ட் என்ற சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர்கள் முகத்தால் மட்டும் சிரிக்கவில்லை, உள்ளுக்குள்ளும் அந்த உணர்வை வரவழைக்கப் பழக்கப்படுகிறார்கள் என்கிறார். அதை விளக்க அவர் போனது ஸ்டனிஸ்லாவ்ஸ்கியின் நடிப்பு முறையிடம். வாசித்தபோது கொஞ்சம் கூசியது. நாங்கள் வகுப்பில் படித்த அதே ஸ்டனிஸ்லாவ்ஸ்கி. வங்கிக் கவுண்டர் பிள்ளைகளுக்கு அண்ணன் சொல்லிக்கொடுத்ததும் அதேதான்: "உங்களுக்குப் பிடிச்ச ஆளை மனசில நினைச்சுக்கொண்டு கஸ்டமரைப் பாருங்க." கூத்தாடுகிறவன் விடிந்ததும் முடியைக் கழட்டி வைத்துவிடுகிறான். அந்தப் பிள்ளைகள் எத்தனை மணிக்குக் கழட்டுவார்கள்?

கார்னகியின் அந்தக் கோபப் பயிற்சியை எங்கட செயலமர்வில் சேர்க்கலாம் என்று சொன்னது நாங்கள்தான். அண்ணன் யோசித்தார். எச்.ஆர். அனுப்பிய தாளில் "நேர்மறையான விசயங்கள் மட்டும்" என்று இருந்தது. ஆனாலும் அவருக்குள்ளும் பழைய நாடகக்காரன் இருந்தான். "செய்து பாப்பம்," என்றார்.

அந்தச் சனிக்கிழமை, குட் மோர்னிங் முடிந்து, பலூன் விளையாட்டு முடிந்து, அண்ணன் கேட்டார்: "இந்த மாசம் உங்களுக்குக் கோபம் வந்த ஒரு விசயம். ஆர் சொல்லுறீங்க?" நீண்ட மௌனம். ஒரு பிள்ளை பஸ் கொண்டக்டரைப் பற்றிச் சொன்னது. எல்லாரும் சிரித்தார்கள். இன்னொரு பிள்ளை மாமியாரைப் பற்றி. இன்னும் பெரிய சிரிப்பு. அப்போது பின்வரிசையில் ஒரு அக்கா எழும்பினார். முப்பத்தைந்து வயது இருக்கும். மைக்கை நீட்டினோம், வேணாம் என்றார்.

"சேர், டொய்லெட்டுக்குப் போறதுண்டா லைன் சூப்பர்வைசருக்கிட்டக் கேக்கணும். டார்கெட் முடியாட்டி விடமாட்டாங்க. போன கிழமை நான் கேட்டு, விடல்ல. எனக்குச் சுகமில்லாத நாள் சேர். உடுப்பெல்லாம் பழுதாப்போச்சு. அந்த உடுப்போடதான் பஸ்ஸில போனன்." குரல் நடுங்கவில்லை. கூரை விசிறிச் சத்தத்துக்கு மேலால் கடைசி மேசை வரைக்கும் கேட்டது. அந்தக் குரலுக்கு நாங்கள் எத்தனை மாதம் பயிற்சி எடுத்தோம் என்று நினைத்துக்கொண்டோம். "மகன்ட பள்ளிக்கூட மீட்டிங்குக்கும் லீவு தரல்ல. அதுக்கும் கோபம்தான். ஆனா முதல் சொன்னதுக்கு இப்பவும் கோபம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. எச்.ஆர். அதிகாரி சுவரிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்து நின்றார். அண்ணன் அவரைப் பார்த்தார். பிறகு அந்த அக்காவைப் பார்த்தார். இரண்டு செக்கன் இருக்கும்.

"நல்லது தங்கச்சி! பாருங்க, எவ்வளவு சக்தி இந்தக் கோபத்துக்குள்ள! இந்தச் சக்தியை வெற்றியா மாத்தினா எப்பிடி இருக்கும்? ஒரு பெரிய கைதட்டு!"

கைதட்டலைத் தொடக்கினது நாங்கள்தான். பழக்கத்தில் கை தானாகவே போனது. கன்டீன் முழுக்கத் தட்டியது. அந்த அக்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு இருந்தார். அண்ணன் கழுகுக் கதைக்குப் போனார். நாற்பது வயதில் கழுகு தன் சொண்டைத் தானே உடைத்துப் புதுச் சொண்டு முளைக்கவைக்கிறது என்கிற அந்தக் கதை. கழுகு அப்படிச் செய்வதில்லை, செய்தால் பசியில் செத்துப்போகும். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

வானில் திரும்பி வரும்போது சண்டை. பிரேசில் நாடகக்காரர் அகுஸ்தோ போல் பற்றி எங்களுக்குப் படிப்பித்தவரே அண்ணன்தான். போலின் விவாத அரங்கில், நாடகம் நடக்கும்போது பார்க்கிறவர் எழும்பி "நிப்பாட்டு" என்று சொல்லலாம். சொன்னவர் மேடைக்கு வந்து, ஒடுக்கப்படுகிற பாத்திரத்தைத் தானே ஏற்றுக் கதையை மாற்றிப் பார்ப்பார். குடி நாடகத்தில் எத்தனை அம்மாமார் அப்படி எழும்பி வந்தார்கள். "இண்டைக்கும் ஒரு ஆள் எழும்பி நிப்பாட்டுங்க எண்டு சொன்னது. நாங்க என்ன செய்தம்?" என்று கேட்டோம்.

அண்ணன் கனநேரம் கதைக்கவில்லை. பிறகு சொன்னார்: "அம்மாட மருந்து மாசம் எவ்வளவு தெரியுமா? நீங்க வீட்டில சாப்பிட்டுட்டு வாற பிள்ளைகள்." அது எங்களுக்குச் சுட்டது, ஏனென்றால் உண்மை. இன்னும் கொஞ்சத் தூரம் போனதும் மெதுவாகச் சொன்னார்: "முடிய எச்.ஆர். என்னட்ட வந்து கேட்டவர், அந்தப் பிள்ளை எந்த லைன் எண்டு. நான் தெரியா எண்டன். இன்னும் ரெண்டு நிமிசம் கதைக்க விட்டிருந்தா அவர் என்னட்டக் கேக்கத் தேவையில்ல மனே. பெயரையே எழுதியிருப்பார்."

இதை நாங்கள் யோசிக்கவில்லை. போலின் அரங்கில் எழும்பி வருகிறவர் ஒரு பாத்திரமாக வருகிறார். முகமூடி மாதிரி ஒன்று அவரைக் காக்கிறது. அந்த அக்கா தன் சொந்தப் பெயரில், சொந்த லைனில், சம்பளம் தருகிற ஆள் சுவரில் சாய்ந்து நிற்கும்போது எழும்பினார். அந்த இடத்தில் அவரை நிறுத்தியது கார்னகியை அரைகுறையாகப் படித்த எங்கட புத்திசாலித்தனம். கார்னகியின் இரவு வகுப்பில் முதலாளி சுவரில் சாய்ந்து நிற்கவில்லை. இந்த ஒரு சின்ன வித்தியாசம் எங்கட கண்ணில் படவில்லை. அண்ணன் மூடினது பயத்தாலா, காப்பாற்றவா? இரண்டும் என்றுதான் நினைக்கிறோம். அவரிடம் கேட்டால் அவருக்கும் தெரியாது.

அந்த இடத்திலிருந்து திரும்ப அழைப்பு வரவில்லை. அந்த அக்கா இப்பவும் வேலையில் இருக்கிறாரா என்று அந்தப் பக்கத்துப் பிள்ளை ஒருவரிடம் விசாரித்தோம். இருக்கிறார், லைன் மாற்றியிருக்கிறார்கள் என்று பதில் வந்தது. மாற்றியது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அண்ணன் தொழிலை விடவில்லை. நாங்களும் ஸ்பீக்கர் தூக்குவதை விடவில்லை. கழுகை மட்டும் எடுத்துவிட்டார். இந்த முறை சட்டம் கொடுத்தபோது அண்ணாவியார் அவருக்கு மறுபடி அருச்சுனன்தான் கொடுத்தார். செயலமர்வு இல்லாத பின்னேரங்களில் வந்து பழகுகிறார். மூச்சு வாங்குகிறது, வயிறும் கொஞ்சம் வைத்துவிட்டது. அண்ணாவியார் பகிடி பண்ணுகிறார்.

இப்போது புதிதாக யாராவது செயலமர்வுக்குக் கேட்டால் அண்ணன் ஒரு நிபந்தனை சொல்கிறார். இடையில் இருபது நிமிசம் மனேஜர், எச்.ஆர்., சூப்பர்வைசர் எல்லாரும் வெளியில் போக வேணும், கதவு சாத்த வேணும், போனில் பதியக்கூடாது. இதுவரை மூன்று இடத்தில் கேட்டோம். இரண்டு இடம், பிறகு கதைப்பம் என்றது. ஒரு இடம் ஓம் என்றது. அங்கே அந்த இருபது நிமிசத்தில் அவர்கள் கதைத்ததை இதில் எழுத மாட்டோம். எழுத மாட்டோம் என்று சொல்லித்தான் கதைக்கக் கேட்டது.