சேலத்து வெள்ளைக்கல், சித்தம்பூண்டி நிலாக்கல்

சேலம் ஜங்ஷனுக்கு வடக்கே, ஓமலூர் போகும் பாதையில் ஒரு சின்ன ரயில் நிலையம். பெயர் மேக்னசைட் ஜங்ஷன். கல்லின் பெயரில் ரயில் நிலையம் எத்தனை ஊருக்கு வாய்க்கும்? ஏற்காடு மலையடிவாரத்தில் சுண்ணாம்பைக் கொட்டி வைத்ததுபோல் வெள்ளைக் கரடுகள். வெள்ளைக்காரர்கள் 'சாக் ஹில்ஸ்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் சாக்பீஸுக்கும் இந்தக் கல்லுக்கும் சம்பந்தமில்லை.

அங்கே இருக்கும் மூலப் பாறை வெள்ளையே அல்ல, பச்சை கலந்த கருமை. டூனைட் என்று பெயர். பூமியின் மேலோட்டுக்கும் கீழே இருக்கும் அடுக்கின் சரக்கு அது. மேலே வந்த பிறகு, கரியமில வாயு கரைந்த தண்ணீர் அதன் விரிசல்களில் புகுந்தது. பாறையில் இருந்த மக்னீசியத்தோடு சேர்ந்து வெள்ளை நரம்புகளாக உறைந்தது. அதுதான் மேக்னசைட். இரும்பு உருக்கும் உலையின் உட்சுவருக்கு, சூடு தாங்கும் செங்கல் இதிலிருந்துதான் தயாராகிறது. தலைமுறைகளாக இதைத் தோண்டிப் பிழைத்த குடும்பங்கள் சுற்றுவட்டாரத்தில் ஏராளம்.

அவ்வளவு ஆழத்துச் சரக்கு சேலத்துக்கு எப்படி வந்தது? காரணம், இந்தச் சமவெளியின் அடியில் இருக்கும் ஒரு பழைய காயம். மேற்கே பாலக்காட்டுக் கணவாயில் தொடங்கி, கோவை, ஈரோடு, நாமக்கல், சேலம் என்று காவிரிப் பக்கம் நீள்கிறது ஒரு பெரும்பிளவு மண்டலம். கோடு போட்டதுபோல் ஒற்றைப் பிளவு அல்ல. பல பிளவுகள் சேர்ந்த அகலமான பட்டை. சேலம் - ஆத்தூர் பிளவு அதில் ஒன்று. பவானி ஆறு கிழக்கு நோக்கி நேராக ஓடுவதும் இன்னொரு பிளவின் தடத்தில்தான்.

சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா எல்லாம் ஒட்டி ஒரே கண்டமானபோது இரண்டு நிலத்துண்டுகள் மோதித் தைக்கப்பட்ட இடம் இது என்கிறார்கள் புவியியலாளர்கள் பலர். 'இல்லை, இரண்டு பக்கமும் ஒரே நிலம்தான், நடுவில் நசுங்கியது' என்று மறுப்பவர்களும் உண்டு. பிளவு விழுந்ததால் பாறைக்குழம்புக்கு வழி கிடைத்ததா, குழம்பு இளக்கிய இடத்தில் பிளவு விழுந்ததா என்பதும் பழைய வழக்கு. இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுத்திருக்கும் என்றே தோன்றுகிறது. சூடேறிய பாறை பலவீனமானது. பலவீனமான இடம்தான் முதலில் நழுவும்.

கோவை சாலையில் வந்தால் சங்ககிரி மலை தெரியும். 1805-ல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட கோட்டை. அந்த மலையும், அடுத்துள்ள திருச்செங்கோட்டு மலையும் கிரானைட். மேலே வழிந்து ஓடாமல், பூமிக்குள்ளேயே மெல்ல ஆறி இறுகிய குழம்பு. மேலிருந்த பாறையெல்லாம் கோடிக்கணக்கான வருட மழையிலும் வெயிலிலும் கரைந்து போக, அடியில் இருந்தது மலையாக நிற்கிறது. அதன்மேல் பாதி ஆணும் பாதி பெண்ணுமாக அர்த்தநாரீஸ்வரர். இரண்டு நிலம் சேர்ந்த கதைக்கு இதைவிடப் பொருத்தமான சாமி கிடைக்காது.

திருச்செங்கோட்டிலிருந்து தெற்கே போனால் சித்தம்பூண்டி. வயலோரத்தில், வேலிக்கல்லில், கிணற்று மண்ணில் எல்லாம் வெளிறிய ஒரு கல். அனார்த்தோசைட். இரவில் நிலாவில் வெள்ளையாகத் தெரியும் மேட்டு நிலங்கள் முக்கியமாக இதே வகைப் பாறைதான். சித்தம்பூண்டிப் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். குழம்பாக உறைந்து, பிறகு 30 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்துக்கு அமுங்கி, வெந்து, மறுபடி மேலே வந்தது. இஸ்ரோ இதை டன் கணக்கில் எடுத்துப் பொடியாக்கி, செயற்கை நிலா மண் செய்தது. சந்திரயான் லேண்டரும் ரோவரும் ஒத்திகை பார்த்தது நாமக்கல் மாவட்டத்து மண்ணில். 2023 ஆகஸ்ட் 23 அன்று டி.வி. முன்னால் கைதட்டியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெருமையைவிடத் தண்ணீர்க் கவலை பெரிது. கெட்டிப் பாறை தண்ணீரைத் தன்னுள் வைத்துக்கொள்ளாது, விரிசலில்தான் ஊற்று. அதனால்தானோ என்னவோ, இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குத் திருச்செங்கோடு பேர்போனது. நிலத்தடி நீர் தேடும் நிபுணர்கள் செயற்கைக்கோள் படத்தில் பிளவுக் கோடுகளைப் பார்க்கிறார்கள். இங்குள்ள விவசாயி தேங்காயை உள்ளங்கையில் நிறுத்திப் பார்க்கிறார். தேடுவது ஒன்றைத்தான்.

போர் போடும் இரவுகளில் வீடே தோட்டத்தில் உட்கார்ந்திருக்கும். நகை அடகுக்கடையில் இருக்கும். ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் அடிக்கணக்கும் ரூபாய்க்கணக்கும் சேர்ந்தே ஏறும். 600 அடி, 800 அடி. குழியிலிருந்து வெள்ளைப் புழுதி பறந்து வாழை இலைகளில் படியும். அதில் ஒரு கை அள்ளி, ஈரம் இருக்கிறதா என்று தேய்த்துப் பார்ப்பார் வீட்டுப் பெரியவர். ஆயிரம் அடியிலும் புழுதி மட்டுமே வந்த தோட்டம் உண்டு. அடுத்த வரப்பில் முன்னூறு அடியிலேயே ரிக்காரர், "கேப் கிடைச்சிருக்குங்க!" என்று கத்த, சேறும் தண்ணீருமாகப் பீய்ச்சியடித்த தோட்டமும் உண்டு.