திருப்பித் தராத கேசட்

கொஞ்சம் நீளமான பதிவு, நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது பழைய தகரப் பெட்டியில் ஒரு கேசட் கிடைத்தது. ரெக்கார்டிங் கடையில் பதிந்தது. அட்டையில் நீல மையில் 'குயின் - கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்றும், கீழே 17 பாட்டுகளின் பெயர்களும் நுணுக்கி எழுதியிருந்தது. பார்த்ததுமே கையெழுத்து யாருடையது என்று தெரிந்துவிட்டது. பெயரை எழுதவில்லை. 92 பிளஸ் டூ செட்டுக்குத் தெரியும்.

அன்று ஆய்வகத்தில் சுரமானி சோதனை. கம்பியின் நீளம், இழுவிசை, அதிர்வெண் என்று நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, கடைசி மேசையில் இந்தக் கேசட் கைமாறிக்கொண்டிருந்தது. பிடுங்கினேன். "இந்த இரைச்சலுக்கும் பிசிக்ஸுக்கும் என்னடா சம்பந்தம்?" என்றேன். அவன் எழுந்து, "சார், இதுல கிடார் வாசிக்கிறவர் லண்டன்ல பிசிக்ஸ் படிச்சவர் சார். அந்தக் கிடாரையும் அவங்க அப்பாவோட சேர்ந்து வீட்டுலயே செஞ்சார் சார்" என்றான். வகுப்பே சிரித்தது. கேலி செய்கிறான் என்று நினைத்து வெளியே முட்டிபோட வைத்தேன். "பரீட்சை முடிஞ்சதும் வந்து வாங்கிக்கோ" என்றேன். அவன் வந்து கேட்கவில்லை. நானும் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை.

இப்போது வீட்டில் டேப் ரெக்கார்டர் இல்லை. பேரன் போனில் அதே 17 பாட்டையும் அதே வரிசையில் எடுத்துக் கொடுத்தான். ஒரே மூச்சில் கேட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன், மூன்று நாள் ஆனது. சில பாட்டு இன்னும் எனக்கு இரைச்சல்தான். 1981-ல் வந்த இந்தத் தொகுப்பு பிரிட்டனில் மட்டும் 70 லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறதாம். பாடிய பிரெடி மெர்க்குரி பார்சிக்காரர், மகாராஷ்டிராவில் பஞ்சகனியில் தங்கிப் படித்தவர் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

ஆனால் நான் தேடிப் படித்தது கிடார்க்காரரைப் பற்றி. அவன் சொன்னது அத்தனையும் உண்மை. பிரையன் மே 16 வயதில், 1963-ல், அப்பாவோடு உட்கார்ந்து அந்தக் கிடாரைச் செய்யத் தொடங்கியிருக்கிறார். கழுத்துப் பகுதிக்கு, குளிர்காயும் அடுப்பின் மேல் இருந்த பழைய மரச்சட்டம். உள்ளே பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். கைப்பிடி நுனியில் அம்மாவின் பின்னல் ஊசித் துண்டு. கம்பிகளின் இழுவிசைக்கு எதிராக அந்த ஸ்பிரிங்குகள் நிற்கின்றன. கைப்பிடியை அழுத்தினால் இழுவிசை மாறும், சுரமும் மாறும். நான் கரும்பலகையில் எழுதிய அதே பாடம்! அதைச் சொல்ல வந்தவனைத்தான் வெளியே அனுப்பினேன்.

பதினாறாவது பாட்டு 'வீ வில் ராக் யூ'. ஆயிரம் பேர் தரையை மிதிப்பது போல இருக்கும். மிதித்தது சில பேர்தான். அதையே பலமுறை பதிந்து, ஒவ்வொன்றையும் கொஞ்சம் தாமதமாகச் சேர்த்திருக்கிறார்கள். தாமதங்கள் சீராக இருந்தால் எதிரொலி போலக் கேட்டுவிடும் என்று பகா எண்களை வைத்து இடைவெளி அமைத்தாராம் பிரையன் மே. இதைத் தெரிந்துகொண்டு மறுபடி நாலு தடவை கேட்டேன். வீட்டம்மா வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

இசைக்குழுவுக்காகப் பாதியில் விட்ட ஆராய்ச்சியை அவர் 2007-ல், அறுபது வயதில் முடித்து டாக்டர் பட்டம் வாங்கினார். சூரியனைச் சுற்றியுள்ள தூசி மேகம் பற்றியது.

தம்பி, நீ சொன்னது சரி. முட்டிபோட வைத்தது என் தப்பு. 92 செட்டில் யாரிடமாவது அவன் நம்பர் இருந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள். கேசட்டைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். நாடா ஓடுமா தெரியாது, அட்டையில் அவன் எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது.