மணிக்கயிறும் குருப்பட்டமும்

திருநெல்வேலிச் சீமையின் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களிடையே ஓர் இளைஞரைப் பற்றி 'அவருக்கு அழைப்பு இருக்கிறது' என்று சொல்லப்படும்போது, குருப்பணிக்கு இறைவன் தம்மைத் தெரிந்துகொண்டதாக அவர் நம்புகிறார் என்பதும், அந்த நம்பிக்கையைச் சபை இன்னும் சோதித்து முடிக்கவில்லை என்பதும் ஒருசேர உணர்த்தப்படுகின்றன. இறையியலார் முன்னதை உள்ளழைப்பு என்றும், சோதனையின் முடிவில் சபை அளிக்கும் ஒப்புதலைப் புறவழைப்பு என்றும் பிரித்துக் கூறுவர். முறைப்படி அழைக்கப்படாத எவரும் திருச்சபையில் வெளிப்படையாகப் போதிக்கவோ அருட்சாதனங்களை வழங்கவோ கூடாது என்று 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை தன் 14ஆம் பிரிவில் விதித்திருப்பது இந்தப் புறவழைப்பைக் கருதியே ஆகும். ஆனால் இவ்விரண்டு அழைப்புகளுக்கும் இடையில் கழியும் ஓரிரு ஆண்டுகளில் அந்த இளைஞர் காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார், யார் வீட்டுத் திண்ணையில் உட்காருகிறார், எதைச் செய்யக் கற்றுக்கொள்கிறார் என்பனவற்றை இறையியல் நூல்கள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. சாத்தான்குளம் வட்டாரத்தின் செம்மணல் தேரியை அடுத்த ஒரு சிற்றூர்ச் சபையில், பதநீர் இறங்கும் கோடைக் காலத்தில் மேற்கொள்ளப்பட்ட களப்பயணம் இந்த இடைவெளியைக் காண்பதற்காகவே அமைந்தது.

அந்தச் சபையின் அமைப்பை முதலில் விளக்குவது பொருத்தமாகும். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் உருவானபோது ஆயர், குரு, உதவிகுரு என்ற மூன்று திருப்பணி நிலைகளை ஏற்றுக்கொண்டது. ஆயரின் ஆட்சிப் பரப்பு திருமண்டலம் என்றும், ஒரு குருவின் பொறுப்பில் உள்ள பல ஊர்ச் சபைகளின் தொகுதி சேகரம் என்றும் இவ்வட்டாரத்தில் வழங்கப்படுகின்றன. குருவானவர் சேகரத்தின் தலைமை ஊரில் குடியிருந்து, நற்கருணை வழங்கும் ஞாயிறுகளில் மற்ற ஊர்களுக்கு முறைவைத்து வருவார். எஞ்சிய நாள்களிலெல்லாம் ஒரு சிற்றூர்ச் சபையைத் தாங்குபவர் உபதேசியார் எனப்படும் சபை ஊழியரே. இவர் குருப்பட்டம் பெறாதவர், நற்கருணையைத் தாமே நடத்தும் உரிமை இவருக்கு இல்லை, ஊதியமும் சொற்பம். இருப்பினும் மணியடிப்பது முதல் ஜெபம் நடத்துவது, பிணியாளரைப் பார்ப்பது, பதிவேடு எழுதுவது வரை அனைத்தும் இவர் கையில்தான் இருக்கின்றன. அழைப்பு உண்டென்று சொல்லும் இளைஞர் இவரிடம்தான் கைவேலை பழகுகிறார். கைவேலை என்ற சொல் இங்கு வேண்டுமென்றே ஆளப்படுகிறது.

களப்பயணத்தின்போது காணப்பட்ட இளைஞர் வணிகவியல் பட்டதாரி. கோயம்புத்தூரில் பார்த்த கணக்கு வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர். ஊரார் அவரைத் தம்பி என்றழைக்கின்றனர். ஐயர் என்ற சொல், இவ்வட்டாரக் கிறிஸ்தவர் வழக்கில் குருவானவருக்கே உரியதாகையால், அவருக்கு இன்னும் வழங்கப்படவில்லை. அவருடைய அழைப்பின் தொடக்கம் ஒரு பொருத்தனையில் இருக்கிறது. பொருத்தனை என்பது நோயிலோ பிள்ளையின்மையிலோ இறைவனிடம் செய்துகொள்ளும் நேர்ச்சை. பிறக்கும் பிள்ளையை ஊழியத்துக்குக் கொடுப்பதாக, விவிலியத்து அன்னாளை நினைந்து தாய்மார் பலர் இன்றும் பொருந்திக்கொள்கின்றனர். இதனால் எழும் சிக்கல் சிறியதன்று. தாயின் வாக்கு எங்கே முடிகிறது, மகனின் விருப்பம் எங்கே தொடங்குகிறது என்பது அந்த மகனுக்கே தெளிவாகத் தெரிவதில்லை. அன்னாளின் மகன் சாமுவேலும் இரவில் தன்னைக் கூப்பிட்ட குரலை ஆசாரியன் ஏலியின் குரல் என்றெண்ணி மும்முறை எழுந்தோடினான் என்பதும், அது யாருடைய குரல் என்பதை முதலில் கண்டுகொண்டவர் கண்பார்வை மங்கிய அந்த முதியவரே என்பதும் இங்கு நினைக்கத்தக்கன. தேரிக்காட்டு உபதேசியாரும் கண்புரை அறுவை செய்துகொண்டவர்தாம். இந்த ஒப்புமை அவர் காதுக்கு எட்டினால் சிரித்துவிடுவார்.

நாளின் முதல் வேலை மணி. விடியற்காலை 5 மணிக்கு மணி ஒலிக்கும்போது பனையேறிகள் அருவாப்பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். ஆகவே அந்த மணி அவர்களைக் கோயிலுக்கு அழைப்பதற்காக அடிக்கப்படுவதாகக் கொள்ள முடியாது, ஊர் விழித்துவிட்டது என்பதை அவர்களுக்குச் சொல்லும் அடையாளமாகவே அது அமைகிறது. கயிற்றை இழுப்பதைவிட அதை மேலே போகவிடுவதுதான் கடினம் என்பதைப் புதியவர்கள் உள்ளங்கை காய்த்த பிறகே உணர்கின்றனர். இழுத்த வேகத்திலேயே விட்டுவிட்டால் நாக்கு இருமுறை மோதி ஒலி சிதறும். ஞாயிற்றுக்கிழமையின் முதல் மணியும் இரண்டாம் மணியும் விரைவாக ஒலிக்க, சாவுக்கு அடிக்கும் மணி ஒவ்வோர் ஒலியும் முற்றும் அடங்கிய பின்னரே அடுத்ததை எழுப்ப வேண்டும். அந்த இடைவெளியை நெஞ்சுக்குள் எண்ணிக்கொள்ளும்படி உபதேசியார் கற்பிக்கிறார். காலை ஜெபத்துக்கு வருவோர் முதியவர்கள் ஏழெட்டுப் பேர். அவர்களுக்கு வேதபாடம் வாசிக்கையில் இளைஞர் தொடக்கத்தில் மேடைப் பேச்சாளரைப்போல் குரலை ஏற்றி இறக்கியதாகவும், காது மந்தமான ஒரு மூதாட்டி தமக்கு எதுவும் விளங்கவில்லை என்று எல்லார் முன்பும் சொன்னதற்குப் பிறகு அது நின்றுவிட்டதாகவும் அறியப்பட்டது.

முற்பகலில் வீடு சந்திப்பு நடக்கிறது. பதநீர்க் காலத்தில் பெண்கள் வீட்டில் இருப்பதில்லை; பதநீரைக் காய்ச்சும் ஓலைக் கொட்டகையான விடிலியில்தான் அவர்களைப் பார்க்க முடியும். அங்கு வேலைக்கு ஓய்வு கிடையாது. பொங்கிவரும் பதநீரை அடக்க நசுக்கிய ஆமணக்கு விதையைப் போடுவார்கள். பாகு பதம் தாண்டிவிட்டால் கருப்பட்டி கசந்துவிடும், அன்றைய மரமேற்று முழுதும் வீண். அடுப்பின் முன் நின்று நீண்ட ஜெபம் செய்பவர் அந்தக் குடும்பத்துக்கு நட்டம் உண்டாக்குகிறார் என்பதே உண்மை. அகப்பையின்மேல் அந்த அம்மாளின் கை போகும்போது தம்பி 'ஆமென்' சொல்லிவிட வேண்டும் என்பது இங்கு எழுதப்படாத விதி. இறையியல் கல்லூரிகளின் பிரசங்கக்கலைப் பாடம் சொல்லின் தொடக்கம், வளர்ச்சி, முடிவு பற்றி நிறையவே கற்பிக்கிறது. எப்போது நிறுத்துவது என்பதை விடிலியைப்போல் கற்பிக்கும் வகுப்பறை இருப்பதாகத் தெரியவில்லை.

சாவு வீட்டில் செய்ய வேண்டியவை இன்னும் கூடுதலானவை. செய்தி வந்தவுடன் மணியடித்து, குருவானவருக்குத் தொலைபேசியில் சொல்லி, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட ஆள் பிடித்து, கோயில் பெஞ்சுகளைத் தூக்கிச் சென்று பந்தலில் போட்டு, பின் ஓரமாகத் தரையில் அமர வேண்டும். பயணத்தின் இரண்டாம் வாரத்தில் ஒரு முதிய பனையேறி இறந்தபோது இளைஞர் அந்த வீட்டில் ஐந்து மணி நேரம் இருந்தார்; அவர் பேசியது பெஞ்சு, தண்ணீர்க்குடம், ஒலிபெருக்கி ஆகியவை பற்றி மட்டுமே. ஆறுதல் சொல்ல அவர் ஒருமுறை வாயெடுத்ததையும், உபதேசியார் கண்ணாலேயே தடுத்ததையும் அருகில் இருந்தவர்கள் கண்டனர். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள்தான் அவர் மீண்டும் அனுப்பப்பட்டார், அப்போது அந்த வீட்டின் மூத்த மகன் தாமாகவே பேசத் தொடங்கினார்.

மாலை நேரம் ஏட்டு வேலைக்குரியது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பதிவேடுகள் உள்ளன. திருமணத்துக்கு முன் மணமக்களின் பெயர்களைச் சபையில் அறிவித்து, தடை உண்டா என்று கேட்பது ஓலை வாசித்தல் எனப்படும். எழுத்து காகிதத்துக்கு மாறி எத்தனையோ தலைமுறைகள் ஆன பின்னும் பனை நாட்டில் ஓலை என்ற பெயர் மாறவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி திருமணப் பதிவுகள் சட்டச் சான்றாகின்றன, ஆகையால் ஒரு முதலெழுத்துப் பிழை பிற்காலத்தில் ஒருவரின் கடவுச்சீட்டையோ ஓய்வூதியத்தையோ முடக்கிவிடக்கூடும். கணக்கு வேலை பார்த்த கை இங்கு மட்டும் தயங்கவில்லை. கைப்பிடியரிசியை வரவு வைப்பதும் அவர் பொறுப்பே. உலையில் அரிசியிடும்போது ஒவ்வொரு வேளையும் ஒரு பிடியைக் கோயிலுக்கென்று தனியே எடுத்து வைக்கும் இவ்வழக்கத்தால் ஏழைக் குடும்பமும் சபையைத் தாங்கும் குடும்பமாகிறது. ஊழியராகப் போகிறவர் தாம் உண்ணும் சோறு எந்தெந்தப் பானையிலிருந்து குறைந்தது என்பதை அளந்தே அறிகிறார்.

ஊழியராகிக் குருவாதல் என்ற இந்த வழி புதியதன்று. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1716இல் உள்நாட்டு உபதேசிகளுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். உபதேசியாராகப் பணிசெய்த ஆரோன் 1733இல் அங்குக் குருப்பட்டம் பெற்று, இந்தியச் சீர்திருத்தத் திருச்சபையின் முதல் உள்நாட்டுக் குருவானார். பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மையார் முயற்சியால் 1785இல் கோயில் எழுந்தபின், அச்சபையைப் பேண அனுப்பப்பட்ட சத்தியநாதனும் முதலில் உபதேசியாரே. 1790இல்தான் அவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. வெள்ளாளன்விளையில் 1874இல் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்த வே. ச. அசரியாவின் வரலாறு சற்று வேறானது. அவர் 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பணத்தில் பிற இடங்களுக்கு ஊழியரை அனுப்புவதைக் கண்டார். தம் திருநெல்வேலிச் சபை அவ்வாறு செய்யவில்லையே என்ற உறுத்தலுடன் திரும்பினார். மறு ஆண்டே இந்திய மிஷனெரி சங்கம் பாளையங்கோட்டையில் பிறப்பதற்கு அவர் காரணரானார். பிறரை அனுப்பும் வேலையிலேயே நின்றுவிடாமல் 1909இல் தாமே குருப்பட்டம் பெற்றுத் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் போனார், 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயரானார். அவரை அசைத்தது பிறர் செய்துகொண்டிருந்த ஒரு வேலையின் காட்சி. அழைப்பென்றால் அசரீரி என்றெண்ணும் பக்தி நூல்கள் இதைக் கவனிக்கலாம்.

ஊர் நடத்தும் இந்தச் சோதனை, திருமண்டலக் குழுவின் நேர்காணலைவிடக் கூர்மையானது என்பதே களப்பயணத்தின் முடிவு. ஓர் இளைஞர் அகப்பையைக் கவனிக்கிறாரா, சாவு வீட்டில் வாயடக்குகிறாரா என்பதை அரைமணி நேரக் கேள்விகளால் அறிய இயலாது. ஆனால் அதே ஊருக்குப் பார்க்கத் தெரியாதவையும் உண்டு. தன் சாதிக்காரர் அல்லாதவர் உபதேசியாராக வந்தால் அவர் வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்கும் குடும்பங்கள் இச்சபைகளில் இன்றும் உள்ளன. அவருடைய அழைப்பு எத்தகையது என்பதை அந்தக் குடும்பங்கள் எப்படிச் சோதிக்கும்? பெண்களின் நிலையும் இத்தகையதே. அதே சபையில் ஓய்வுநாள் பள்ளியை நடத்துபவர், விடிலிப் பெண்களின் கடன் கணக்கு உட்பட அனைத்தும் அறிந்தவர், சாவு வீட்டில் இளைஞருக்கு முன்பே போய் உட்கார்ந்திருந்தவர், ஒரு பட்டதாரிப் பெண். தென்னிந்தியத் திருச்சபையில் பெண்கள் பல பத்தாண்டுகளாகக் குருப்பட்டம் பெற்று வருகின்றனர். 2013இல் புஷ்பா லலிதா நந்தியால் திருமண்டல ஆயராகவும் ஆனார். இருந்தும் அந்தப் பெண்ணுக்கு 'உதவும் குணம்' இருப்பதாகவே ஊர் சொல்கிறது. ஆண் செய்யும்போது அழைப்பு என்று பெயர் பெறும் வேலை பெண் செய்யும்போது குணமாகிவிடுகிறது. இது ஊரின் பிழை, திருத்தப்பட வேண்டிய பிழை.

தேர்ந்தெடுக்கப்பட்டால் இளைஞர் செல்லக்கூடிய இடங்களுள் ஒன்று, மதுரை அரசரடியில் 1969 முதல் இயங்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரி. செராம்பூர்ப் பல்கலைப் பேரவையின் பட்டத்துக்குரிய பாடங்கள் அங்குத் தமிழிலேயே கற்பிக்கப்படுகின்றன. எபிரேயமும் கிரேக்கமும் உண்டு. மாணவர்கள் வளாகத்தை விட்டு வெளியேறி எளிய மக்களின் குடியிருப்புகளில் தங்கிப் பயிலும் முறையும், பரட்டை என்று தம்மை அழைத்துக்கொண்ட தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையையும் ஒரே உலைச் சோற்றையும் வழிபாட்டின் நடுவில் வைத்ததும் அக்கல்லூரியின் வரலாற்றில் முக்கியமானவை. படிப்புக்குப் பின் மீண்டும் ஊழியப் பயிற்சி, பிறகு உதவிகுரு, அதன் பிறகே குருப்பட்டம். நேர்காணலில் தவறியவர்களுக்கு ஊரில் என்ன மதிப்பு என்று கேட்கப்பட்டபோது உபதேசியார் தம்மையே சுட்டிக்காட்டினார். இளமையில் இருமுறை விண்ணப்பித்துத் தேர்வு பெறாதவர் அவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கயிறு அவர் கையில்தான் இருக்கிறது.

இளைஞருக்கான நேர்காணல் அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை தூத்துக்குடியில் நடைபெற இருந்தது. முதல் பேருந்தைப் பிடிக்க அவர் விடியுமுன்னே கிளம்ப வேண்டியிருந்ததால், அன்றைய 5 மணி மணியை அடிக்கும் பொறுப்பு ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் ஒப்படைக்கப்பட்டது.